துக்கத்தின் உரிமை

ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் ஆயிற்று. ஐந்து முறை எழுதிக் கிழித்தாயிற்று. ஆறாவது முறை எழுத உட்காருவதற்கு முன்னால், என் கையைத் தடுப்பது எது என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் தெரு நெசவாளர் தெரு. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் போன ஊர் இது. என் பிள்ளைப் பிராயத்தில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறிச் சத்தம் கேட்காத வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இன்று பல வீடுகளில் தறிக்குழியை மூடி மேலே வழவழப்பான தரை போட்டுவிட்டார்கள். தறி இன்னும் ஓடுகிற சில வீடுகளில் ஒன்று எங்கள் எதிர் வீடு. அந்த வீட்டு அம்மாளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். இரத்த உறவு ஒன்றுமில்லை, தெரு உறவுதான்.

அத்தைக்கு ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் இறந்துபோனாள். பையன் பிழைத்துக்கொண்டான். மருமகன் அதே வீட்டில் மாமனாருக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவன், தங்கமான பிள்ளை. மனைவியின் கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் பஸ் ஏறிப் பெங்களூருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். மாதம் பிறந்தால் ஒண்ணாம் தேதி பணம் வந்துவிடுகிறது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பிள்ளையை மட்டும் அவன் பார்த்ததில்லை.

"நீ எழுதறவன்தானே தம்பி, அவனுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடேன்" என்றாள் அத்தை. "போன் பண்ணா, 'பணம் வந்துச்சா'ன்னு கேக்கறான். 'வந்துச்சு'ன்னா வெச்சிடறான். கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சித்தானே ஆவணும்?"

"என்ன எழுதணும் அத்தே?"

"புள்ளைய வந்து பாருன்னு எழுது. வேற இன்னா எழுதறது?"

இந்த விஷயத்தில் எங்கள் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. 'பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காதவன் என்ன மனுஷன்?' என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சியும் இருக்கிறது. அதுவும் சிறிய கட்சியல்ல. என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அதற்குத் தலைவர். "பெண்டாட்டி செத்த வருஷம் திரும்புவதற்குள் மாலை மாற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன் சார். இவன் நாலு வருஷமாக ஒற்றை ஆளாக நிற்கிறான். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவன். அந்தக் குழந்தையைப் பார்த்தால் அவனுக்கு அவள் சாவுதான் கண்ணில் தெரியும். அவன் துக்கம் அவனுக்கு. அதில் புகுந்து நியாயம் பேச நாம் யார்?" என்பார்.

'நாம் யார்?' என்ற அந்தக் கேள்விதான் என் பேனாவைப் பிடித்துக்கொண்டது. ஒருவனுடைய துக்கத்துக்கு எதுவரை உரிமை உண்டு? உயிரோடு இருக்கிறவர்களை விட்டுவிட்டுப் போகும் உரிமை அதற்கு உண்டா?

இந்தக் கேள்வியை நான் முதலில் சந்தித்தது ஒரு சினிமாவில். வங்காளத்தில் சத்யஜித் ராய் எடுத்த மூன்று படங்களின் தொகுதியைப் பற்றி வாசகர்களில் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ' என்ற இரண்டு நாவல்களிலிருந்து பிறந்தவை அவை. முதல் படம் 1955-லும் இரண்டாவது படம் 1956-லும் வந்தன. தொடக்கத்தில் ராய்க்கு மூன்றாவது படம் எடுக்கும் எண்ணமே இல்லை. 1957-ல் இரண்டாவது படத்துக்கு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தது. அங்கே, 'இது மூன்று பாகக் கதையா?' என்று யாரோ கேட்கப்போய், அதன் பிறகுதான் அந்த எண்ணம் வலுப்பட்டதாம். 1959-ல் வெளியான அந்த மூன்றாவது படம் 'அபுர் சன்சார்'. அபுவின் சம்சாரம், அதாவது அவன் குடும்பம், அவன் உலகம் இரண்டுமே. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி பரிசும் அதற்குக் கிடைத்தது.

கதையைச் சொல்லாமல் என் விஷயத்துக்கு வர முடியாது. அபு இண்டர்மீடியட் தேறியவன். மேலே படிக்கப் பணமில்லை. தாய் தகப்பன் இல்லை. கல்கத்தாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில், வாடகை பாக்கியோடு, ஒரு நாவல் எழுதிக்கொண்டு காலம் தள்ளுகிறான். புலு என்ற நண்பன் தன் உறவுப் பெண் அபர்ணாவின் கல்யாணத்துக்கு அவனைக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறான். மாப்பிள்ளை வந்து இறங்குகிறான். பார்த்தால் சித்தப் பிரமை பிடித்தவன். பெண்ணின் தாய் கல்யாணத்தை நிறுத்திவிடுகிறாள். ஆனால் குறித்த முகூர்த்தத்தில் மாலை விழாவிட்டால் அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். புலு அபுவிடம் வந்து கேட்கிறான். அபு முதலில் அவனை எரிந்து விழுகிறான். பிறகு, அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக, சம்மதிக்கிறான்.

தியாகம் என்றால் இதுதான் தியாகம் என்று நமக்குத் தோன்றுகிறது. ராய் அதோடு திருப்தி அடையவில்லை. பணக்கார வீட்டுப் பெண் அந்த மாடி அறைக்கு வருகிறாள். ஜன்னல் திரையில் கிழிசல். அவள் தனியாக நின்று அழுகிறாள். கீழே ஒரு தாயும் குழந்தையும் கண்ணில் படுகிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அடுத்த காட்சியில் ஜன்னலில் புதுத் திரை தொங்குகிறது. காலையில் அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். அவள் சேலைத் தலைப்பு அவன் துணியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. கரி அடுப்பு மூட்டப் போகிறாள். அவன் தலையணையில் கிடந்த கொண்டை ஊசியை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறான். சிகரெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே அவள் கைப்பட எழுதி வைத்த ஒரு சீட்டு, அளவோடு புகைக்கும்படி. அவன் சாப்பிடும்போது அவள் விசிறுகிறாள். அவள் சாப்பிடும்போது அவன் விசிறுகிறான். ஒருநாள் சினிமா பார்த்துவிட்டு வண்டியில் திரும்பும்போது அவள் தீக்குச்சி கிழிக்கிறாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்து, உன் கண்ணில் என்ன என்று அவன் கேட்க, மை என்கிறாள். வங்காளியில் மைக்குக் காஜல் என்று பெயர். பிறகு பிறக்கப்போகிற அவர்கள் பிள்ளைக்கும் அதுதான் பெயர்.

காதல் கல்யாணத்துக்கு முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோமே, அந்தக் கேள்வியே இந்தக் காட்சிகளுக்கு முன்னால் அசட்டுத்தனமாகிவிடுகிறது. காதல் அடுப்படியிலும் விசிறியிலும் வந்தது. அபுவாக நடித்த சௌமித்ர சாட்டர்ஜிக்கும், அபர்ணாவாக வந்த சர்மிளா தாகூருக்கும் அதுதான் முதல் படம். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ! அவள் திரையில் இருப்பது கொஞ்ச நேரம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அங்கேயே இறந்துபோகிறாள்.

அதற்குப் பிறகு அபு செய்கிற காரியங்களைக் கவனியுங்கள். சேதி கொண்டுவந்த மைத்துனனை அறைகிறான். ரயில் தண்டவாளத்தருகே போய் நிற்கிறான். ஊரை விட்டுப் போகிறான். காடு மலையெல்லாம் சுற்றுகிறான். ஒரு விடியற்காலையில், மலைமேல் நின்று, தான் எழுதிய நாவலின் தாள்களைக் காற்றில் பறக்கவிடுகிறான். பிறகு மத்திய இந்தியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறான். ஐந்து வருஷம் கழித்து அவனைத் தேடிப் பிடித்த புலுவிடம் அவன் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: காஜல் இருப்பதனால்தான் அபர்ணா இல்லை.

நான் முதன்முதலில் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தார் காட்டினார்கள். கோடு விழுந்த பழைய பிரதி. அந்த மலைக் காட்சியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'துக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும்! எழுதியதையே எறிந்துவிட்டானே!' என்று நினைத்தேன். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் நான்தான் அபு என்ற நினைப்பு. அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நான் அருகதை உள்ளவன் ஆகமாட்டேன்.

என் தகப்பனார் கூலிக்குப் பட்டு நெய்தவர். தாயார் அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். ஊடை இழையைச் சின்னக் குழல்களில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். அந்தத் தார் நாடாவுக்குள் போய்ப் பாவுக்குக் குறுக்கே ஓடி ஓடிச் சேலையாகிறது. நான் வேலூரில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. தறியில் ஒரு கல்யாணச் சேலை. வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். அதன்மேல் முன்பணம் வாங்கியாயிற்று. இரண்டு நாள் பொறுத்தால் சேலை முடிந்துவிடும், கையில் காசும் வரும், வேலூருக்கு அழைத்துப் போகலாம் என்று தகப்பனார் கணக்குப் போட்டார். அந்த இரண்டு நாளில் காய்ச்சல் முற்றிவிட்டது. சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் திரும்பி வரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் விடிவதற்கு முன் நான் விழித்துக்கொண்டேன். வீட்டுக்குள் தறிச் சத்தம். அவர் குழிக்குள் உட்கார்ந்து அதே சேலையை நெய்துகொண்டிருந்தார். அந்தக் கல்யாணமே நடந்து முடிந்திருந்தது. அவளைக் கொன்ற சேலை என்று நான் எதை நினைத்திருந்தேனோ, அதைப் பதினேழாம் நாளே எடுத்து நெய்கிறார்! 'இவர் மனிதரா, கல்லா?' என்று நினைத்தேன். அன்றே கிளம்பிவிட்டேன். படிப்பையும் விட்டேன். சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. மாதாமாதம் தங்கையின் பெயருக்கு மணியார்டர் அனுப்பினேன். அவர் பெயருக்கு அனுப்பவில்லை. மூன்று வருஷம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை என் தாயாருக்கு நான் செலுத்தும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

தங்கையின் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் அவள் சொன்னாள்: "அம்மா சுத்தி வெச்ச தாரு ஒரு தட்டு நெறைய இருந்துச்சுண்ணா. அப்பா அதை வெச்சித்தான் அந்தச் சேலைய முடிச்சாரு. வேற யாரையும் தார் சுத்த வுடல. கடைசித் தாரு தீந்துபோனப்ப, எழுந்து போய் வாசல்ல உக்காந்தவரு, சாப்பிடக்கூட உள்ள வரல."

நான் கல் என்று நினைத்த மனிதர், அவள் கை பட்ட நூலை ஓர் இழைகூட வீணாக்காமல், அங்குலம் அங்குலமாக அழுதுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியவில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அபுவின் துக்கத்தையும் என் தகப்பனாரின் துக்கத்தையும் அன்றிலிருந்து அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எது பெரியது என்று நிறுக்க நான் துணியமாட்டேன். அதற்குத் தராசு யாரிடமும் இல்லை. என் ஆசிரிய நண்பர் சொல்வதில் உள்ள உண்மை இது. ஆனால் அவர் ஒரு தவறு செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவன் எவ்வளவு சிதைந்துபோனான் என்பதைக் கொண்டு அவன் எவ்வளவு நேசித்தான் என்று அளக்கிறார். இடிந்து கிடக்கும் வீட்டைப் பார்த்து, 'எவ்வளவு பெரிய வீடாக இருந்திருக்க வேண்டும்!' என்று சொல்வது போன்றது அது. சின்ன வீடும் பெரிதாக இடியும். பெரிய வீடு சில சமயம் விரிசலோடு நின்றுகொண்டே இருக்கும். அதற்குள் ஜனங்கள் குடியிருப்பார்கள்.

அபுவிடம் நான் காணும் குறை அவன் அதிகமாக அழுதான் என்பதல்ல. அவளோடு வாழ்ந்த நாட்களில் அவன் கற்றுக்கொண்டதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்: விசிறுவது, சிகரெட்டைக் குறைப்பது, மாலையில் சீக்கிரம் வீடு திரும்புவது. அவள் போனதும் அவ்வளவையும் மறந்து, பெரிய காரியங்களுக்குத் திரும்பிவிட்டான். முகம் தெரியாத பெண்ணுக்கு ஒரே நிமிஷத்தில் வாழ்வு கொடுத்தவனுக்கு, உயிருக்கு உயிரானவளின் பிள்ளைக்குத் தினமும் ஒரு வேளைச் சோறு ஊட்ட முடியவில்லை. இது அபுவின் குறை மட்டுமா? ஒரு நிமிஷத்துத் தியாகம் நம்மில் பலருக்கும் வருகிறது. பார்க்க நாலு பேர் இல்லாத இடத்தில், நாள் தவறாமல் செய்ய வேண்டியிருக்கிறதே, அந்தக் காரியந்தான் வருவதில்லை.

பணம் அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சின்னக் காரியமல்ல. அனுப்பாதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மணியார்டர் ரசீது கைக்கு வந்த நாளெல்லாம் எனக்கு நிம்மதியான தூக்கம் வந்தது. கடமையில் கால் பங்கைச் செய்தவனுக்கு, மீதி முக்கால் பங்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஒன்றுமே செய்யாதவனையாவது மனசாட்சி கொஞ்சம் குத்தும்.

இனி, 'இவன் இருப்பதனால் அவள் இல்லை' என்ற அந்த நியாயத்துக்கு வருகிறேன். காரணம் வேறு, குற்றம் வேறு. பிறந்த குழந்தை ஒரு சாவுக்குக் காரணமாக இருக்கலாம். குற்றவாளியாக இருக்க முடியாது. அது யாரையும் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. காரணத்தைத் தண்டிப்பது என்று புறப்பட்டால் அபு முதலில் தன்னைத்தான் தண்டித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தைக்கு அவனல்லவா தகப்பன்? அது அவனுக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தன்னிடம் கேட்கப் பயந்த கேள்வியை அவன் குழந்தையின் தலையில் போட்டுவிட்டு ஓடினான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாயாருக்குக் காய்ச்சல் வந்தது ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. "ஒண்ணுமில்லடா, நீ கெளம்பு, பரீட்சை இருக்குதில்ல" என்றாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போய்விட்டேன். 'என்னோடு வா, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பலாம்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வேலூருக்குத்தானே போனேன்! தகப்பனாரிடம் மூன்று வருஷம் பேசாமல் இருந்தேனே, அது அவர்மேல் இருந்த கோபம் மட்டுமல்ல. அவரைக் குற்றவாளியாக வைத்திருக்கும் வரை எனக்கு விசாரணை இல்லை. அதைத் துக்கம் என்றும் மரியாதை என்றும் பெயரிட்டு அழைத்துக்கொண்டேன்.

துக்கத்துக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. நம் பெரியவர்கள் அதைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள். இறப்பு வீட்டில் அடுப்பு எரிய வேண்டாம்; அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். வேலைக்குப் போக வேண்டாம், நல்லது கெட்டதுக்குப் போக வேண்டாம், வாய்விட்டு அழலாம். அதே பெரியவர்கள் அதற்கு ஒரு தேதியும் வைத்தார்கள். பதினாறாம் நாளோடு துக்கம் தீர்ந்துவிடும் என்று நம்பும் அளவுக்கு அவர்கள் அறியாதவர்களல்ல. துக்கம் அதன் பாட்டுக்கு இருக்கும். பதினேழாம் நாள் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பசிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் தகப்பனார் அந்தக் கணக்கைத் தறியில் நிறைவேற்றினார்.

இந்தக் கேள்வியை வேறு தேசத்தார் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். போலந்து நாட்டுக் கீஸ்லோவ்ஸ்கி, பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்களைப் பெயராக வைத்து, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் பற்றி மூன்று படங்கள் எடுத்தார். முதல் படமான 'நீலம்' 1993-ல் வந்தது. அபுவின் இரண்டாவது படத்துக்குக் கிடைத்த அதே வெனிஸ் பரிசு இதற்கும் கிடைத்தது. ஜூலி என்ற பெண் ஒரு கார் விபத்தில் கணவனையும் சின்ன மகளையும் பறிகொடுக்கிறாள். கணவன் பெயர் பெற்ற இசைக் கலைஞன். அவன் முடிக்காமல் விட்ட இசையின் தாள்களை எடுத்துக் குப்பை லாரியில் போடுகிறாள். அபு மலையில் நின்று தாள்களை வீசியது போலத்தான். எல்லாவற்றையும் உதறிவிட்டு, தன்னை யாரும் அறியாத ஓர் இடத்தில் குடியேறுகிறாள். யாரையும் நேசிக்க வேண்டாம், யாருக்கும் கடன்பட வேண்டாம். அதுதான் சுதந்திரம் என்பது அவள் எண்ணம்.

அவளுக்கு அந்த உரிமை உண்டு என்றே சொல்ல வேண்டும். அவளை எதிர்பார்த்து நிற்கும் குழந்தை இல்லை. ஆனாலும் கதை அவளை விடுவதில்லை. இறந்த கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்ததும், அவள் வயிற்றில் அவன் பிள்ளை வளர்வதும் தெரியவருகிறது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ! ஜூலி, தான் விற்கச் சொல்லியிருந்த வீட்டை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். குப்பையில் போட்ட இசைக்கு ஒரு பிரதி எங்கோ மிஞ்சியிருக்கிறது. அதை முடித்து வைக்க அவளும் கை கொடுக்கிறாள். சட்டப்படி எந்தக் கடனும் இல்லாதவள் கொடுக்கிறாள். கடன்பட்டவனான அபு ஓடுகிறான். ஆனால் இரண்டு படங்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். முற்றிலும் அறுத்துக்கொண்டு போக முடியும் என்று நினைத்தார்கள், முடியவில்லை. ஏதோ ஒரு நுனி மிஞ்சியிருந்தது. அது ஒரு குழந்தையாக இருந்தது.

'அபுர் சன்சா'ரை நான் இரண்டாம் முறை பார்த்தது சில வருஷங்களுக்கு முன்னால். அதற்குள் அந்தப் படத்துக்கே ஒரு சாவு வந்து போயிருந்தது. 1993-ல் லண்டனில் ஒரு கூடத்தில் பிடித்த தீயில் அந்த மூன்று படங்களின் மூலச் சுருள்களும் கருகிப்போயின. கருகியதில் தேறியதைக் கொண்டும், வெவ்வேறு இடங்களில் பத்திரமாக இருந்த பிரதிகளைக் கொண்டும் பல வருஷம் பாடுபட்டு, 2015-ல் மூன்றையும் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோடு இல்லாத, தெளிவான படம். இந்த முறை மலைக் காட்சியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தா வீட்டில், கேட்பாரற்று, முகமூடி மாட்டிக்கொண்டு அலைகிற அந்தப் பையனைக் கண்டதும்தான் தொண்டையை அடைத்தது. அன்று எனக்குத் தெரிந்தவன் துக்கப்பட்டவன் ஒருவன்தான். இன்று நானும் ஒரு தகப்பன்.

கடைசியில் அபு வருகிறான். பொம்மை ரயில் வாங்கி வருகிறான். பையன் அதைத் தொடவில்லை. அருகே போனால் கல்லை எடுத்து எறிகிறான். தாத்தா பையனை அடிக்கக் கம்பை ஓங்குகிறார். அபு அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான். 'நான்தான் உன் அப்பா, வா' என்ற உரிமைப் பேச்சு அங்கே எடுபடவில்லை. தோற்றுப்போய்த் திரும்பி நடக்கிறவன் பின்னால் பையன் வருகிறான். என்னை அப்பாவிடம் அழைத்துப் போவாயா என்று கேட்கிறான். நீ யார் என்றும் கேட்கிறான். சிநேகிதன் என்கிறான் அபு. பையன் ஓடி வருகிறான். தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். அப்பா என்ற பட்டம் அவனுக்கு அங்கே கிடைக்கவில்லை. அது இனி கல்கத்தாவில், அந்த அறையில், ஒவ்வொரு நாளாகச் சேர வேண்டியது.

தறியில் ஒரு பாவு தீர்ந்துபோனால், அதன் நுனியை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவு வந்ததும், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்றையும் புது இழை ஒன்றையும் சேர்த்து முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அவசரப்பட முடியாது. என் தகப்பனாரும் நானும் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பேசிக்கொண்டோம். அந்தக் காய்ச்சலைப் பற்றியோ சேலையைப் பற்றியோ ஒருநாளும் பேசவில்லை. மழையைப் பற்றி, கூலியைப் பற்றி, என் சம்பளத்தைப் பற்றி, ஒவ்வொரு இழையாகப் பேசினோம். அவர் கண் மூடுவதற்குள் பாதியாவது பிணைத்திருப்போம் என்று நினைக்கிறேன். வீணாகப் போன மூன்று வருஷம் கையில் இருந்திருந்தால் முழுவதும் முடிந்திருக்கும்.

கிழித்துப் போட்ட ஐந்து கடிதங்களிலும் என்ன தப்பு என்று இப்போது தெரிகிறது. முதல் இரண்டில் உபதேசம் செய்திருந்தேன். மூன்றாவதில் கெஞ்சல். நாலாவதில் அபுவின் கதை. ஐந்தாவதில் என் கதை. எல்லாமே அவன் துக்கத்தோடு வாதாடின. துக்கத்தோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை. ஆசிரிய நண்பர் சொன்னது சரி. அதில் புகுந்து நியாயம் பேச நான் யார்? ஆனால் எதிர் வீட்டில் நடப்பதை அவனுக்குத் தெரிவிக்க நான் யாராகவும் இருக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டுக்காரனாக இருந்தால் போதும்.

ஆறாவது கடிதம் பத்து வரிதான். பையன் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பதையும், தாத்தாவின் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து தீர்ந்த தார்க்குழல்களை வரிசையாக அடுக்குவதையும் எழுதினேன். இன்னும் ஒன்றும் எழுதினேன். ஒண்ணாம் தேதி காலையில் பணம் வந்ததற்கு அடையாளமாக அத்தையின் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். "உங்கப்பா அனுப்பிட்டாரு" என்பாள் அத்தை. பையன் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவருவான். அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா என்று பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் எங்கள் வீட்டில் என் போன் அதே சத்தம் போட்டபோது, என் முகத்தை அண்ணாந்து பார்த்து, "உனக்கும் அப்பா வந்துட்டாரா மாமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். 'வா' என்றோ, 'வரவேண்டும்' என்றோ எழுதவில்லை. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பாருன்னு ஒரு வார்த்த எழுதலியே தம்பி" என்றாள். பிறகு, "சரி, போட்டுடு" என்றாள்.

கடிதம் போட்டுப் பத்து நாள் ஆகிறது. பதில் வரவில்லை. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.